வறட்சியில் வேர் ஆழமாக இறங்குமா? பயிர் தண்ணீர்க் குறைவைச் சமாளிக்கும் விதம்

"பத்து நாள் காயப் போடு, வேர் தண்ணியைத் தேடி ஆழமா இறங்கும்." கிணற்றுப் பாசன ஊர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இதில் பாதி உண்மை. மற்ற பாதியை நம்பி, சரியாக வேர் பிடிக்காத இளம்பயிரைக் காயப் போட்டால், வேரும் இறங்காது, பயிரும் தேறாது.

இதே வகையில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஆழ வேர் உள்ள ரகம் என்றால் எந்த வறட்சியையும் தாங்கிவிடும் என்பது. விதைப் பையின் மேல் "வறட்சி தாங்கும்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் பலருக்கும் மனதில் தோன்றுவது நீண்ட வேர்தான். உண்மையில் வறட்சியைத் தாங்கும் பயிர் பல நேரம் வேரால் மட்டும் தாங்குவதில்லை. இலையை எவ்வளவு சிக்கனமாக வைத்துக்கொள்கிறது என்பதாலும் தாங்குகிறது. வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதோ, பெரும்பாலும் வறட்சி தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது.

## இரண்டு பேர் சம்பாதிக்கும் வீடு

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பயிருக்கும் அப்படி இரண்டு வருமானம். வேர் தண்ணீரையும் மண்ணின் சத்துகளையும் கொண்டுவருகிறது. இலை வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது. ஒருவர் சம்பாதிப்பதை மற்றவரும் செலவழித்துத்தான் இருவரும் வளர்கிறார்கள்.

தண்ணீர் வரத்து குறையத் தொடங்கியதும் முதலில் நிற்பது புது இலையின் வளர்ச்சி. ஆனால் ஏற்கெனவே விரிந்திருக்கும் இலைகள் சர்க்கரை தயாரிப்பதை உடனே நிறுத்துவதில்லை. ஆகவே சில நாட்களுக்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது: சர்க்கரை வந்துகொண்டிருக்கும், அதைச் செலவழிக்க மேலே புது இலை இருக்காது. மிச்சப்படும் அந்தச் சர்க்கரை கீழே வேருக்குப் போகிறது. வேர் தொடர்ந்து வளர்வதற்கான முதல் காரணம் இதுதான். வறட்சி நீடித்தால் இலையின் சர்க்கரைத் தயாரிப்பும் விழும். அப்போது வேரும் நின்றுவிடும்.

இங்கேதான் பெரிய தவறான புரிதல் நுழைகிறது. வறட்சியில் வேரின் பங்கு கூடுகிறது என்பதை, வேரின் அளவு கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். ஓர் உதாரணக் கணக்கு: நன்றாகத் தண்ணீர் கிடைத்த செடியைக் காயவைத்து எடை போட்டால் மேல்பாகம் 80 கிராம், வேர் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதே ரகம் வறட்சியில் வளர்ந்து மேல்பாகம் 45 கிராம், வேர் 18 கிராம் என்று நிற்கலாம். வேர்–தண்டு விகிதம், அதாவது வேரின் எடையை மேல்பாகத்தின் எடையால் வகுத்தால் வருவது, 0.25-லிருந்து 0.40-க்கு ஏறிவிட்டது. ஆனால் வேர் 2 கிராம் குறைந்திருக்கிறது. "வறட்சியில் வேர் அதிகரித்தது" என்ற செய்திகளில் பலவும் இந்த விகிதத்தைப் பற்றியவை.

சுருக்கமாக: தண்ணீர் குறைந்தால் இலை முந்தி நிற்கும், வேர் பிந்தி நிற்கும். இரண்டும் கடைசியில் குறையத்தான் செய்கின்றன. விகிதம் மட்டும் வேரின் பக்கம் சாய்கிறது.

## இலை ஏன் முதலில் நிற்கிறது?

செல் நீள்வதற்கு இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர், செல்லின் சுவரை வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். இந்தத் தள்ளுதலுக்கு விறைப்பழுத்தம் என்று பெயர். சுவரும் சற்று இளகிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் குறையும்போது முதலில் இறங்குவது விறைப்பழுத்தம். செடி வாடித் தொங்குவதற்கு வெகு முன்பே, கண்ணுக்குத் தெரியாத அளவில் அது இறங்கி, இலை நீள்வது மெதுவாகிவிடும். "பயிர் இன்னும் வாடவே இல்லையே" என்று காத்திருக்கும் நாட்களில் இலைப் பரப்பு ஏற்கெனவே இழப்பாகிக்கொண்டிருக்கிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மண்ணின் வறட்சியை மெகாபாஸ்கல் என்ற அழுத்த அலகில் எதிர்மறை எண்ணாகச் சொல்வது வழக்கம். எண் பூச்சியத்திலிருந்து கீழே போகப் போக, தண்ணீரைப் பிடுங்குவது கடினம். பல பயிர்களுக்கு மீள முடியாத வாடல் வரும் நிலை சுமார் –1.5 மெகாபாஸ்கல் என்று பாடநூல்கள் வைக்கின்றன. மக்காச்சோள நாற்றுகளில் ராபர்ட் ஷார்ப்பும் அவருடைய சகாக்களும் 1980-களில் செய்த ஆய்வில், சுமார் –0.8 மெகாபாஸ்கலிலேயே மேல்பாகத்தின் வளர்ச்சி முழுதாக நின்றுவிட்டது. முதல் வேரோ –1.6 மெகாபாஸ்கலிலும் மெதுவாக நீண்டுகொண்டிருந்தது.

வேரால் அது எப்படி முடிந்தது என்பதைப் பார்க்க, வேர் நுனிக்கு மிக அருகே போக வேண்டும். வேர் முழுதும் நீள்வதில்லை. நுனியை ஒட்டிய சில மில்லிமீட்டர் பகுதி மட்டுமே நீளும். வறண்ட மண்ணில் அந்தப் பகுதியே சுருங்கிவிடுகிறது. ஆனால் நுனியிலிருந்து முதல் 2, 3 மில்லிமீட்டருக்குள் நீளும் வேகம் கிட்டத்தட்ட குறையாமல் காப்பாற்றப்படுகிறது. அந்தச் செல்கள் புரோலின் என்ற அமினோ அமிலம் போன்ற கரைபொருள்களைத் தமக்குள் சேர்த்துக்கொள்கின்றன. உள்ளே கரைபொருள் கூடினால், வெளியே தண்ணீர் குறைவாக இருந்தாலும் உள்ளிழுக்க முடியும். அதோடு அந்த இடத்தில் செல் சுவரும் அதிகம் இளகிக் கொடுக்கிறது. வேர் முன்பைவிட ஒல்லியாகும். ஒல்லியான வேர் என்றால் ஒரு சென்டிமீட்டர் நீள்வதற்கு ஆகும் சர்க்கரையும் குறைவு.

சுருக்கமாக: இலை நின்றதும் வேர் தொடர்வதும் தற்செயல் அல்ல. வேர் நுனி, கரைபொருளைச் சேர்த்தும் சுவரை இளக்கியும் தன் வளர்ச்சியைக் காப்பாற்றிக்கொள்கிறது.

## இலைத்துளையின் கதவு

பயிர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு மூன்று பங்குகூட அதன் உடம்பில் தங்குவதில்லை. மற்றதெல்லாம் இலையின் அடியிலும் மேலுமுள்ள நுண்ணிய இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போகிறது, இது நீராவிப்போக்கு. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே வர வேண்டுமானால் அந்தத் துளை திறந்திருக்க வேண்டும், திறந்தால் நீர் போகும். இந்த விலையைப் பயிருக்குப் பயிர் ஒப்பிடலாம்: அமெரிக்காவின் கொலராடோவில் 1910-களில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் இருவரும் தொட்டிகளில் அளந்தபோது, 1 கிலோ உலர் எடை உருவாக்கச் சோளத்துக்குச் சுமார் 300 லிட்டரும் கோதுமைக்குச் சுமார் 500 லிட்டரும் தேவைப்பட்டன.

மண் காயும்போது இலையிலும் வேரிலும் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் பெருகுகிறது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களுக்கு அது போய்ச் சேர்ந்தால், அவை பொட்டாசியத்தை வெளியே விட்டுத் தளர்ந்து, துளையை மூடுகின்றன. தண்ணீர் மிச்சம், ஆனால் சர்க்கரைத் தயாரிப்பு குறையும், இலையின் சூடும் ஏறும். இதே ஹார்மோன், வேர் நுனியில் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோன் அளவுமீறிப் பெருகாமல் அடக்கி வைத்து வேர் வளர்ச்சிக்கு உதவுகிறது. ஒரே பொருள் மேலே மூடவும் கீழே வளரவும் வழி செய்வது வியப்பான ஏற்பாடு.

நெல்லிலும் சோளத்திலும் இலை சுருள்வது வெயில் படும் பரப்பைக் குறைக்கும் உத்தி. நண்பகலில் சுருண்டு மாலையில் விரிந்தால் பயிர் இன்னும் சமாளிக்கிறது என்று பொருள். காலை ஏழு மணிக்கே சுருண்டு நின்றால் இரவிலும் வேரால் ஈடுகட்ட முடியவில்லை. அன்றே தண்ணீர் விட வேண்டும். அடியிலை மஞ்சளாகி உதிர்வதும் கணக்கு வைத்துச் செய்யும் செலவுக் குறைப்புதான். உதிரும் முன் இலையிலுள்ள தழைச்சத்தின் ஒரு பகுதி திரும்ப எடுக்கப்பட்டு மேலே அனுப்பப்படுகிறது.

## வேர் தண்ணீரைத் தேடிப் போகிறதா?

வேருக்குத் தொலைவில் உள்ள தண்ணீர் தெரியாது. இரண்டடி கீழே ஈரம் இருப்பதை மேலே காய்ந்த மண்ணில் நிற்கும் வேரால் அறிய முடியாது. அது கீழே போவதற்கு முதன்மையான காரணம் புவியீர்ப்பு. வேர் நுனித் தொப்பியில் உள்ள மாவுமணிகள் எந்தப் பக்கம் சரிகின்றன என்பதை வைத்து, வேர் கீழ்த்திசையை உணர்ந்து வளைகிறது, இது புவிசார்பியக்கம். ஈரம் கூடுதலாக உள்ள பக்கம் வளையும் நீர்சார்பியக்கமும் வேருக்கு உண்டு. ஆனால் அதற்கு வேரின் இரு பக்கங்களுக்கும் இடையே ஈர வேறுபாடு இருக்க வேண்டும். அடுத்த வரப்பில் ஓடும் வாய்க்காலை அது மோப்பம் பிடிப்பதில்லை.

ஆகவே வேர் ஆழம் போக வேண்டுமென்றால் மேலிருந்து ஆழம் வரை அறுபடாத ஈரப் பாதை வேண்டும். நடுவில் காய்ந்த அடுக்கு இருந்தால் வேர் அங்கேயே திணறும். காய்ந்த மண்ணுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அது கடினமாகிவிடும். மண்ணின் எதிர்ப்பு சுமார் 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி கடுமையாகத் தடைபடும். பல நிலங்களில் தண்ணீர் தீர்வதற்கு முன்பே இந்தக் கடினம்தான் வேரை நிறுத்துகிறது.

கிளை வேர் எங்கே விடுவது என்பதில் வேர் இன்னும் நுட்பமானது. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கக் கரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் விரல் நுழையும் அளவு வெடிப்பு விடும் மண். ஒரு வேர் நுனி வளர்ந்து அந்த வெடிப்புக்குள் வந்தால், சுற்றிலும் காற்று. அந்த நீளத்தில் வேர் கிளை விடாது. மறுபக்கம் ஈரமண்ணைத் தொட்டதும் மறுபடி கிளை விடத் தொடங்கும். இந்த நிறுத்தத்துக்குக் காரணமும் அப்சிசிக் அமிலமே என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது: வேருக்குள் நீரோட்டம் திசை மாறும்போது அதோடு அந்த ஹார்மோனும் வெளி அடுக்குகளுக்கு நகர்ந்து, செல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழிகளை அடைக்கிறது. அதனால் கிளை வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் உள்ளே போக முடிவதில்லை. வேரின் ஒரு பக்கம் ஈரத்தையும் மறுபக்கம் காற்றையும் தொட்டால், ஈரப் பக்கத்தில் மட்டும் கிளை வேர் வருவதையும் பார்த்திருக்கிறார்கள்.

புல்லினப் பயிர்களான சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றுக்குத் தண்டின் அடிக்கணுவிலிருந்து கிளம்பும் கணுவேர்களே பின்னாளில் முக்கியத் தாங்கல். மேல்மண் காய்ந்திருந்தால் இவை முளையிலேயே நின்றுவிடும். விதையிலிருந்து வந்த சில மெல்லிய வேர்களை மட்டும் நம்பிச் செடி நிற்கும். முளைத்த சில வாரங்களில் காற்றடித்தால் சாயும் மக்காச்சோளத்தைப் பிடுங்கிப் பாருங்கள். கணுவேர்கள் கட்டைவிரல் நகம் அளவில் முனை கருகி நிற்பது தெரியும். இந்தப் பருவத்தில் "காயப் போடு" என்பது தவறான ஆலோசனை.

சுருக்கமாக: வேர் ஈரத்தைத் தேடிப் புறப்படுவதில்லை, ஈரம் உள்ள இடத்தில் வளர்கிறது, இல்லாத இடத்தில் செலவைக் குறைக்கிறது.

## ஆழ வேர் எப்போது கைகொடுக்கும்?

வேரின் சாய்கோணம் பெரும்பாலும் ரகத்தின் குணம். பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல்லான கினன்டாங் பட்டோங்கின் வேர் செங்குத்தாக இறங்கும்; உலகெங்கும் பயிரான ஐஆர்64-இன் வேர் ஆழமில்லாமல் பக்கவாட்டில் பரவும். இந்த வேறுபாட்டுக்குக் காரணமான டிஆர்ஓ1 என்ற மரபணுவை ஜப்பானின் யூசாக்கு உகா குழு 2013-இல் அடையாளம் கண்டது. அந்த மரபணு வடிவத்தை ஐஆர்64-க்குள் கொண்டுவந்தபோது வேர் செங்குத்தாகத் திரும்பியது. மிதமான வறட்சியில் ஐஆர்64 பாதிக்கும் கீழே விளைந்தபோது, மாற்றிய ரகம் பெரிய இழப்பில்லாமல் விளைந்தது. வேரின் மொத்த அளவு அதிகரிக்க வேண்டியிருக்கவில்லை. கோணம் மாறியதே போதுமானதாக இருந்தது.

ஆழத்திலுள்ள தண்ணீர் அளவில் சிறிதானாலும் மதிப்பில் பெரிது, ஏனென்றால் அது மணி பிடிக்கும் நேரத்தில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் கோதுமையில் 2007-இல் வெளியான ஓர் அளவீடு இதை அழகாகக் காட்டுகிறது. பூத்த பிறகு 1.35 முதல் 1.85 மீட்டர் ஆழத்திலிருந்து கூடுதலாக 10.5 மில்லிமீட்டர் நீரை எடுத்த பயிர், எக்டேருக்கு 0.62 டன் அதிகம் கொடுத்தது. நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 42,000 லிட்டர் நீரில் சுமார் 250 கிலோ மணி.

ஆனால் கீழே தண்ணீர் இருந்தால்தான் இது பொருந்தும். பருவமழையில் ஆழம் வரை நனைந்து, பிறகு சேமிப்பு ஈரத்தில் முதிரும் கரிசல் பயிருக்குச் செங்குத்து வேர் உதவும். அரையடிக்குக் கீழே பாறையோ சுக்கான் கல்லோ இருக்கும் மெல்லிய செம்மண்ணில் அது வீண். அங்கே சிறுசிறு தூறலையும் பிடித்துக்கொள்ளும் மேல்வேரே நல்லது. மணிச்சத்து பெரும்பாலும் மேல்மண்ணில் இருப்பதால், எல்லா வேரையும் கீழே அனுப்பும் பயிர் அதை இழக்கவும் கூடும்.

இன்னொரு முக்கியமான பாடம் ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. உயரமான குழாய்களில் மண் நிரப்பிச் செடி வளர்த்து, அவ்வப்போது எடைபோட்டு, எந்த வாரம் எவ்வளவு நீர் போனது என்று கணக்கெடுத்தார்கள். 2011-இல் வெளியான கொண்டைக்கடலை முடிவுகளில், முதிர்வுக்கால வறட்சியைத் தாங்கிய வகைகளை மற்றவற்றிலிருந்து பிரித்தது வேர் ஆழம் அல்ல. இளம்பருவத்தில் சிக்கனமாகச் செலவழித்து, பூத்த பிறகு எடுக்க மிச்சம் வைத்ததுதான். எத்தியோப்பியச் சோளத்திலிருந்து வந்த பி35 என்ற வகையின் "பசுமை மாறாத" குணமும் இப்படிப்பட்டதே: தூர் குறைவு, இலைப் பரப்பு அளவானது, அதனால் கதிர் முற்றும்போது மண்ணில் இன்னும் ஈரம். ஆழ வேரோடு அடர்ந்த இலையும் இருந்தால், அந்தப் பயிர் கீழ் ஈரத்தையும் சீக்கிரம் குடித்து முடித்துவிடும். வேரைப் பற்றிப் பேசும் அளவுக்கு இலையின் சிக்கனத்தைப் பற்றி நாம் பேசாதது பெரிய குறை.

## வயலில் பார்க்க வேண்டியவை

வேர் ஆழம் போகாததற்கு முதல் சந்தேகம் கடின அடுக்கின் மீது விழ வேண்டும். வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுதாலும் சேற்றுழவு செய்தாலும் 15 முதல் 25 சென்டிமீட்டரில் மண் இறுகிவிடும். நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, முனை மழுங்கிய அரை அங்குல இரும்புக் கம்பியைப் பல இடங்களில் அழுத்துங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் நின்றால் அங்கே குழி தோண்டிப் பாருங்கள். அடியில் மண் ஈரமாக இருந்தும் கம்பி நின்றிருந்தால் கடின அடுக்கு. காய்ந்திருந்தால் மழை அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது.

பயிர் நிற்கும்போது இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டடிக் குழி எடுத்து, செடிப் பக்கச் சுவரில் கைத்தெளிப்பானால் தண்ணீர் அடித்து மண்ணைக் கரையுங்கள். வேர்கள் ஓர் ஆழம் வரை இறங்கி, அங்கிருந்து 'ட' எழுத்துப்போல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடினால் அதுவே கடின அடுக்கு. உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டினால் உடையும். மண் காய்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கத்திபோல் கீறிவிட்டுப் போகுமே தவிர, அடுக்கு நொறுங்காது.

பாசனத்தில், முதல் தண்ணீர் ஆழமாக நனைய வேண்டும். தினமும் கொஞ்சம் விட்டால் மேல் நான்கு விரல் மட்டும் ஈரமாகி, வேர் அங்கேயே தங்கிவிடும். மோட்டார் நான்கு நாள் பழுதானால் பயிர் விழுந்துவிடும். கணுவேர் பிடித்த பின், கதிர் உறைக்குள் இருக்கும் பொதிப் பருவத்துக்கு முன், கீழே ஈரம் இருப்பதைக் கம்பியால் உறுதி செய்துகொண்டு பாசன இடைவெளியை நீட்டலாம். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பேச்சின் உண்மையான பாதி இதுதான்.

மானாவாரியில் முழு யூரியாவையும் ஆரம்பத்திலேயே கொட்டுவது இலையைப் பெருக்கி, சேமிப்பு ஈரத்தைப் பூக்கும் முன்பே தீர்த்துவிடும். பிரித்து, மழையைப் பார்த்து இடுவது நல்லது. பருவமழைக்கு முந்திய விதைப்பில் சோள விதையைக் கடினப்படுத்துவது முளைப்புக்கும் ஆரம்ப வேருக்கும் உதவும்: 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் உலர்த்தினாலோ முளை வெளிவரும் அளவு ஊறவிட்டாலோ விதை கெடும். விதைக்கும் ஆழம் 5 சென்டிமீட்டர்; மேலாக விழுந்தால் சிறு தூறலில் முளைத்துக் கருகும்.

எவ்வளவு தகவமைப்பு இருந்தாலும் தாங்க முடியாத ஒரு பருவம் உண்டு. மக்காச்சோளத்தின் பட்டு இழைகள் செல் நீள்வதால்தான் உறையை விட்டு வெளியே வருகின்றன. விறைப்பழுத்தம் இல்லாவிட்டால் அவை தாமதிக்கும். மேலே ஆண்பூக் குஞ்சம் தன் மகரந்தத்தைக் கொட்டி முடித்துவிடும். கதிரில் மணி பிடிக்காது. நெல்லிலும் கதிர்க்காம்பு நீளாமல் கதிர் பாதி உறைக்குள்ளேயே நின்று பதராகும். கிணற்றில் ஒரே ஒரு தண்ணீருக்குத்தான் வழி என்றால், அதை இந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சிப் பருவத்தில் வறட்சிக்குப் பின் மழை கிடைத்தால், முதலில் வேருக்கு வேலை செய்யுங்கள். மேல்மண் நனைந்த சில நாட்களில், நின்றுபோன கணுவேர்கள் மறுபடி கிளம்பும். அப்போது களை எடுத்து, ஈரமண்ணைத் தண்டின் அடியில் அணைத்துவிட்டால் அவை உடனே பிடித்துக்கொள்ளும். புதிய வெள்ளை வேர் விரல் நீளம் வந்ததைக் கையால் கிளறிப் பார்த்த பிறகு மேலுரம் இட்டால் போதும். அதற்கு முன் இடும் யூரியாவை எடுக்கச் செடியிடம் வேர் இல்லை.